கோடை உளவு

“‘கூலிக்கு உளவு செய்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?’ இப்படி எழுதியிருக்காக மேடம். எனக்கென்னமோ நம்ம ஆபீஸுக்கு யாரோ ஓசியில விளம்பரம் குடுத்த மாதிரி இருக்கு.”

“சிரிக்காதீக தம்பி. என் பொழப்பே போயிரும் போல இருக்கு.”

“சிரிக்கலக்கா. என் மூஞ்சி அமைப்பே அப்படி.”

“அண்ணே, அது ரெண்டாவதா வந்தது. மொத வந்த மதிப்பீட்டு அறிக்கையைப் படிங்க.”

கடைசியாகப் பேசியவள் சுகப்பிரியா. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்காகப் பொய் விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அவளை மேடம் என்று கூப்பிடும் சுந்தரபாண்டி அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். பஸ் நின்று போனது, இவர் இங்கே வந்து ஏறிக்கொண்டார்.

சிரிக்காதீக என்றவர் பாண்டீஸ்வரி. அவர்கள் உட்கார்ந்திருந்த மாடி அறையில் இயங்கும் மானாவாரி பதிப்பகத்துக்கு அவர்தான் உரிமையாளர், அவர்தான் மெய்ப்புத் திருத்துகிறவர், பார்சல் கட்டுகிறவரும் அவர்தான். கரிசல் மண், கம்மாய்ப் பாசனம், ஆட்டுக் கிடை என்று வறண்ட நாட்டைப் பற்றிய ஆய்வு நூல்களை மட்டுமே போடுவார். ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயிலில் தெரு ஆளில்லாமல் கிடந்தது.

சுந்தரபாண்டி தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

“‘நான்காம் இயல் நம்பத்தக்கதாக இல்லை. கோடை உளவு நடந்ததா என்றே ஆசிரியர் சொல்லவில்லை. நடந்திருந்தால் உளவு செய்தவர் யார், எவ்வளவு ஆழம் போனார், யாருக்காகச் செய்தார் என்பதை மறைத்துவிட்டு முடிவை மட்டும் சொல்வது முறையல்ல. சான்றுகள் கம்பு தனியா கேப்பை தனியா என்று பிரித்துக் காட்டப்படவில்லை. ஆசிரியரின் வாதம் வீரசோழன் வீரசோழன் உள்ள போ என்ற அளவில் நிற்கிறது.’”

“கேட்டீகளா?” என்றார் பாண்டீஸ்வரி. “வீரசோழன் ஊருக்குள்ள போயி வேவு பாத்தாராம். இந்தப் புத்தகத்தை எழுதின ராம்குமார் ஈ எறும்புக்குத் தீங்கு நெனைக்காத ஆளு. ஆனா ஒரு விதைக் கம்பெனியோட சோதனைக் காட்டுல ரெண்டு வருசம் வேலை பாத்தது உண்மை. அந்த அனுபவத்துலதான் நாலாவது இயலை எழுதியிருக்காரு. இப்ப பாலவனத்தத்துல வீட்டை விட்டு வெளிய வரமாட்டேங்குறாரு. ‘என்னைத் திருடன்னு எழுதிட்டாங்களேக்கா’ன்னு அழுகை.”

“இந்த அறிக்கையை எழுதினது யாரு?”

“அதுதானே தெரியணும்! அதுக்குத்தானே ஒங்களைக் கூப்பிட்டேன்.”

சுகப்பிரியா சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகக் கட்டுகளைப் பார்த்தாள். சில கட்டுகளின் கயிறே நைந்திருந்தது. “மொதல்ல இந்த அறிக்கை வந்த இணைய வலையைப் பத்திச் சொல்லுங்கக்கா. அதுல ஏன் சேந்தீக?”

“முன்னாடியெல்லாம் புத்தகம் லைப்ரரி ஆர்டர்ல போகும். போன எடத்துல யாரும் பிரிச்சாகளா இல்லையான்னு தெரியாது. கெணத்துல கல்லைப் போட்டாக்கூட ஒரு சத்தம் கேக்கும். எனக்கு அதுவும் இல்ல. போன வருசம் ‘ஆய்வுத்துணை’யில சேந்தேன். ஆய்வு பண்றவுக, நூலகம் வச்சிருக்கவுக, என்னை மாதிரிப் போடுறவுக எல்லாரும் அதுல ஒரே எடத்துல இருக்காக. வசதியில்லாதவுக ஒரு இயல் வேணும்னு கேப்பாக. நான் தொறந்து விடுவேன். எந்த ஊர்ல எந்தப் பக்கத்துல நிக்கிறாகன்னு எனக்குத் தெரியும்.” பாண்டீஸ்வரியின் முகம் அந்தக் கவலையிலும் வெளிச்சமானது. “ஆட்டுக் கிடை புத்தகத்தோட இங்கிலீஷ் சுருக்கத்தை கென்யாவுல ஒருத்தர் பாத்துட்டுக் கேள்வி கேட்டாரு. நூலாசிரியரோட சேத்து வச்சேன். இப்ப ரெண்டு பேரும் சேந்து எனக்கு அடுத்த புத்தகம் எழுதுறாக. அச்சுக்கு முன்னாடி சரிபாத்துக் குடுக்க ஆளு வேணும்னு பல்கலைக்கழக வராந்தாவுல காத்துக் கெடந்த காலமும் போச்சு. வலையே மதிப்பீட்டாளரைப் புடிச்சுக் குடுக்குது.”

“அந்த ஆளு பேரு மட்டும் தெரியாது.”

“எழுதினவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் வெளையாடணும். அதான் விதி. வலையோட ஒருங்கிணைப்பாளர் ‘உளவு’ங்கிற வார்த்தையைப் பாத்துட்டு நிறுத்தி வச்சுட்டாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் விளக்கம் குடுக்கணும். இல்லன்னா என் புத்தகம் அத்தனைக்கும் ‘விசாரணையில்’னு சிவப்பு முத்திரை. அப்புறம் ஒரு இயலைக்கூட யாரும் தொறக்க முடியாது.” அவர் குரல் இறங்கியது. “மறுபடியும் கெணறுதான். சத்தமில்லாத கெணறு.”

“அவுககிட்டயே கேட்டுப் பாக்கலையா?”

“வலை வழியாக் கேட்டேனே. ‘ஆசிரியர் உளவு செய்தார் என்கிறீர்களா?’ன்னு. ‘அவரே செய்திருந்தால் பாராட்டுவேன்’னு பதில் வருது! அதுக்கு அடுத்த வரிதான் அந்தக் கூலி சமாச்சாரம். நேர்ல புடிச்சுக் கேட்டாத்தான் ஆகும். பேரு வேணும் எனக்கு.”

“இருப்பிடம்?”

“நெதர்லாந்துன்னு மட்டும் காட்டுது.”

“நெதர்லாந்துக்கு நேர் பஸ்ஸு கெடையாது மேடம்” என்றார் சுந்தரபாண்டி. “திருச்சுழியில எறங்கி மாறணும்.”

சுகப்பிரியா சிரிக்கவில்லை. “அண்ணே, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க.”

“ஆசிரியரின் வாதம் வீரசோழன்... வீரசோழன்... உள்ள போ...”

“ஏன் ராகம் போடுறீக?”

“எங்க போட்டேன்?”

“மத்த வரியெல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சீக. இந்த எடம் வந்ததும் ராகம் வந்திருச்சு. கையைப் பாருங்க, மேல போயிருச்சு.”

சுந்தரபாண்டி தன் வலது கையைப் பார்த்தார். இல்லாத கம்பியை அது பிடித்துக்கொண்டிருந்தது. “பழக்க தோஷம் மேடம். இதை வேற எப்படிப் படிக்கிறது?”

“அதேதான். இது எழுதின வரி இல்லண்ணே, கத்தின வரி.” சுகப்பிரியா எழுந்தாள். “இந்த மதிப்பீட்டாளர் கையால எழுதல. வாயால சொல்லச் சொல்ல போன் எழுதிக்கிட்டே வந்திருக்கு. நடுவுல வாசல்ல பஸ்ஸு நின்னுருக்கு. கண்டக்டர் கத்தினதையும் சேத்து எழுதிருச்சு.”

“அப்ப கம்பு தனியா கேப்பை தனியா?”

“மாவு மில்லு. நெதர்லாந்துல யாரும் கேப்பை அரைக்க மாட்டாக. வீரசோழன் போற ரோட்டுல, ஒரு ஸ்டாப்புல, மில்லுக்குப் பக்கத்து வீடு.”

பாண்டீஸ்வரி நாற்காலியில் சாய்ந்தார். “இம்புட்டுப் பக்கத்துலயா?”

*

திருச்சுழி தாண்டியதும் பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாயின. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நடுநடுவே உழுது போட்ட கரிசல், வெடித்துக் கிடக்கும் கம்மாய். ஒற்றைப் பனை நிழலில் ஒரு மனிதர் நின்றிருந்தார். அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை, யாரையும் வழியனுப்பவுமில்லை. பஸ் போவதைப் பார்த்தார், அவ்வளவுதான்.

சுகப்பிரியாவின் மடியில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் விரிந்திருந்தது. பனி பெய்யும் ஊரில் ஒருவன் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறான். மூன்று பக்கம் புரட்டியும் ரயில் வரவில்லை. அவள் தலையைத் தூக்கினால் வெயில், குனிந்தால் பனி. இரண்டும் ஒரே வெண்மையாக, ஒரே மாதிரி ஆளற்றதாக அவளுக்குத் தோன்றின.

“எத்தனை நாளைக்குத்தான் மேடம் புத்தகத்தோடயே பேசுவீக?”

“புத்தகம் டீ வாங்கித் தரச் சொல்லாதுண்ணே.”

“அந்த மதிப்பீட்டாளரும் ஒங்க சாதிதான் போல. அவுக போனோட பேசுறாக.”

அவள் புத்தகத்தை மூடினாள். காலி வீட்டில் உட்கார்ந்து ஒருவர் நீண்ட, ஒழுங்கான வாக்கியங்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். கேட்கிற காது ஒன்றுமில்லை. வாசலில் பஸ் நிற்கிறது, கிளம்புகிறது. இறங்கியவர் யாரும் அந்த வீட்டுக்கு வரவில்லை.

நரிக்குடியில் வீரசோழன் பஸ் புறப்படத் தயாராக நின்றது. சுந்தரபாண்டி கண்டக்டரின் தோளில் கை போட்டார்.

“ஏலே மாப்ளே, நானும் பை தொங்கவிட்ட ஆளுதான். ‘வீரசோழன் வீரசோழன் உள்ள போ’ன்னு எந்த ஸ்டாப்புல கத்துவ?”

“எல்லா ஸ்டாப்புலயும்தாண்ணே.”

“தொழில்காரன்கிட்டப் பொய் சொல்லாத. ஊர்ப் பேரை ரெண்டு தரம் சொல்லிட்டு, அப்புறம் உள்ள போ. அது எந்த ஸ்டாப்பு?”

கண்டக்டர் யோசித்தான். “மில்லு ஸ்டாப்பு. அங்க ரெண்டு ரூட்டு பிரியும். பேரைச் சொல்லலைன்னா மாறி ஏறிருவாக. மாவுத் தூக்கோட படியிலயே நிப்பாக, அதான் உள்ள போகச் சொல்றது. ஏன்ணே, கம்ப்ளெயிண்டா?”

“இல்ல மாப்ளே. ஒன் குரலு புத்தகத்துல வந்திருக்கு. நெதர்லாந்து வரைக்கும் போயிருச்சு.”

*

மில்லில் தலை முதல் கால் வரை மாவு பூத்த ஒரு பெண் சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள். சுகப்பிரியா நெருங்கிக் கேட்டாள்.

“இங்க எப்பவும் போன்ல பேசிக்கிட்டே இருக்குற வீடு எதுங்க?”

“எல்லா வீடும்தான்.”

“பேசினாப் பதில் வராத போன்ல?”

தட்டுவது நின்றது. “பேச்சியா? அந்தா, பச்சைக் கதவு. நாள் பூராம் பேசும். ஆருகிட்டன்னு தெரியாது. ஒத்தையில கெடக்குற புள்ள, பாவம்னு விட்டுட்டோம்.”

பச்சைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளேயிருந்து தெளிவான குரல் வந்தது. “எனினும் இந்த முடிவு எல்லா நிலத்துக்கும் பொருந்துமா என்பது ஐயமே முற்றுப்புள்ளி.”

நாற்பதை ஒட்டிய ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஸ்டூலில், சொம்பில் சாய்த்து வைத்த போன். மடியில் கிடந்த இரண்டு கைகளிலும் விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகியிருந்தன.

“ஆரு?”

“அருப்புக்கோட்டையிலருந்து வாரோம். மானாவாரி பதிப்பகத்துக்காக.”

அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். “நான் ஆருன்னு அவுகளுக்குத் தெரியக்கூடாதே.”

“இன்னும் தெரியாது” என்றாள் சுகப்பிரியா.

சுந்தரபாண்டி குனிந்து போனைப் பார்த்தார். “மேடம், நாம பேசுறதும் அறிக்கையில ஏறிக்கிட்டிருக்கு. ‘அருப்புக்கோட்டையிலிருந்து வாரோம்’ வரைக்கும் வந்திருச்சு.”

“நிறுத்திருங்கண்ணே. அந்தச் செவப்பு வட்டத்தைத் தொடுங்க” என்றாள் நாற்காலியில் இருந்தவள். அவள் பெயர் முத்துப்பேச்சி. எதிர்க் கட்டிலைக் கண்ணால் காட்டினாள். இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ராம்குமார்னு ஒருத்தர் மூணு நாளாச் சோறு தண்ணி எறங்காம இருக்காரு” என்றாள் சுகப்பிரியா. “அவர் மேல ஏன் அப்படி ஒரு குத்தம் சொன்னீக?”

“குத்தமா? நானா?”

“கம்பெனிக் காட்டுல வேவு பாத்தாருன்னு.”

“ஆத்தீ! நான் ஏன் அப்படிச் சொல்லுறேன்? அந்தக் காட்டுல ஈரம் நின்னுச்சு, கம்பு தாக்குப் புடிச்சுச்சுன்னு எழுதியிருக்காரு. சரி. கோடையில அந்தக் காட்டுல உளவு அடிச்சாகளா இல்லையா? மாடா, டிராக்டரா? எத்தனை இஞ்சு எறங்குச்சு? காட்டுக்காரரே உளுதாரா, கூலிக்கு ஆள் விட்டாரா? இதெல்லாம் இல்லாம ஈரத்தைப் பத்தி எப்படி நம்புறது? அதைத்தானே கேட்டேன்.”

மத்தியானத்திலிருந்து தாளில் இருந்தபடியே படித்த சொல்லைச் சுகப்பிரியா இப்போதுதான் ஊர்ப் பேச்சில் கேட்டாள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம். பையிலிருந்து தாளை எடுத்தாள்.

“உழவு” என்றாள் மெதுவாக, நாக்கை நன்றாக மடித்து. “உழவு செய்தவர் யார். எவ்வளவு ஆழம் போனார். யாருக்காகச் செய்தார்.”

சுந்தரபாண்டியின் வாய் திறந்தது. “கோடை உளவு!” என்றார். அவர் வாயிலும் அது அப்படியேதான் வந்தது. “மேடம், எங்க அய்யா சாகுற வரைக்கும் கோடை உளவு பண்ணாரு மேடம்! அவரு பெரிய ஒற்றரு மேடம்!” கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“மத்த ழகரமெல்லாம் மெசினே திருத்திக்கிரும்” என்றாள் முத்துப்பேச்சி தரையைப் பார்த்தபடி. “மழை, கீழே, ஆழம் எல்லாம் சரியா வரும். உளவுன்னும் தனியா ஒரு வார்த்தை இருக்குறதால இதை விட்டிருச்சு போல.”

“எழுதினதைத் திரும்பப் பாக்க மாட்டீகளா?”

“தள்ளிப் பாக்க வெரலு கேக்காது. போனையே வாசிச்சுக் காட்டச் சொல்லிக் காதால கேப்பேன். காதுக்குச் சரியாத்தான் இருந்துச்சு.”

“வீரசோழன் உள்ள போ கூடவா?”

முத்துப்பேச்சி வாசல் பக்கம் திரும்பினாள். “பஸ்ஸு மறுபடி வந்திருக்குன்னு நெனச்சேன். ஆராவது எறங்குறாகளான்னு வாசலை எட்டிக்கூடப் பாத்தேன்.”

சுந்தரபாண்டி சிரிப்பதை நிறுத்தினார்.

கேட்காமலே அவள் சொன்னாள். மண் ஈரத்தைப் பற்றி ஆய்வு செய்ய நெதர்லாந்து போனது, முதல் குளிரிலேயே விரல்கள் வீங்கியது, முடக்குவாதம் என்று டாக்டர்கள் சொன்னது, ஆய்வை முடிக்காமல் திரும்பி வந்தது. அண்ணன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார், பணம் அனுப்புகிறார். அந்தப் பல்கலைக்கழகப் பெயரில் இருந்த பழைய கணக்கை மட்டும் யாரும் மூடவில்லை.

“ஒரு இயலுக்குக் கருத்துச் சொன்னா, எனக்கு ஒரு புத்தகம் தொறந்து விடுவாக. அது இல்லன்னா இந்த ரோட்டுல எனக்குப் புத்தகம் எங்க கெடைக்கும்? அதுகூடப் பெருசில்ல. நான் சொன்னதுக்கு எழுதினவுக பதில் எழுதுவாக. ‘மதிப்பீட்டாளர் கேட்டது நியாயமான கேள்வி’ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அதை ரொம்ப நாளு திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.”

சுகப்பிரியா பாண்டீஸ்வரியை அழைத்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். முத்துப்பேச்சியைப் பற்றி எதுவும் சொல்லாமல், சொல் மாறியதை மட்டும் நாலு வரியில் சொன்னாள். மறுமுனையில் வெடித்த சிரிப்பு, சிரிப்பின் நடுவே மூக்கை உறிஞ்சும் ஒலி.

“உழவா! அட என் கூறுகெட்ட மூளையே! கரிசக்காட்டுல பொறந்துட்டு இது எனக்குத் தெரியலையே! இருங்க, ராம்குமாருக்குப் பேசுறேன், எத்தனை இஞ்சுன்னு கேட்டு இப்பவே விளக்கத்தை அனுப்பிருறேன்.” வேறொரு போனில் அவர் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். “அனுப்பிட்டேன். ஒருங்கிணைப்பாளர் சரின்னுட்டாரு. முத்திரை இல்ல. சுகப்பிரியா, சாமி கணக்கா வந்தீக. இப்ப சொல்லுங்க, அவுக யாரு? எந்த ஊரு? ராம்குமார் சொல்றாரு, அந்தக் கேள்வி இல்லாம அந்த இயலு மணியில்லாத பொக்காம். இப்படி ஒரு ஆளு எனக்கு வேணும். ஆசிரியர் குழுவுல பேரைப் போடுறேன். நேர்ல வந்து துணிமணி எடுத்துக் குடுத்துக் கையைப் புடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு வாரேன். பேரைச் சொல்லுங்க.”

முத்துப்பேச்சி தலையை வேகமாக ஆட்டினாள். வேண்டாம் என்று.

“ஒரு நிமிசம் இருங்கக்கா.” சுகப்பிரியா போனை உள்ளங்கையால் மூடினாள்.

“பேரு தெரிஞ்சுட்டா கண்ணுக்கட்டு அவுந்துரும்” என்றாள் முத்துப்பேச்சி தாழ்ந்த குரலில். “அவுக புத்தகம் எதையும் அப்புறம் நான் தொட முடியாது. ஆருன்னு வெளிய வந்தா, எங்க இருக்கேன்னு தேடுவாக. அந்தப் பல்கலைக்கழகத்துல நான் இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்குக் கணக்கை மூடிருவாக. அவுக நல்ல மனசாத்தான் பேசுறாக. ஒரு நாளு வருவாக, கையைப் புடிச்சுக்குவாக. மறுநாளு நான் என்ன செய்ய?”

“அவுக என்கிட்டக் கேட்டதே பேருதான்” என்றாள் சுகப்பிரியா. “அதுக்குத்தான் வந்தேன்.”

“தெரியும்.”

சுகப்பிரியா சுந்தரபாண்டியைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய உள்ளங்கைக்குள் பாண்டீஸ்வரியின் குரல் பூச்சி போல அதிர்ந்தது. “சுகப்பிரியா? கேக்குதா? பேரு என்னான்னேன்.”

“கண்டுபுடிக்கலைன்னு சொல்லிருங்க” என்றாள் முத்துப்பேச்சி. மடங்கிய விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“ஆனா தேடுறதை விட்டுட்டதாச் சொல்ல வேணாம். அப்பப்ப இந்தப் பக்கமா என்னைத் தேடிக்கிட்டு வாரீகளா?”